கறுப்புத் திரையில் தமிழ் இல்லை: வரைகலை இயக்கியின் வரலாறும் கொழிஞ்சாம்பாறையும்

பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சி எல்லையை ஒட்டிய சித்தூர் வட்டத்தில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. இவ்வட்டம் முன்பு கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. பிரித்தானிய ஆட்சிப்பகுதிகள் சூழத் தனித்துக் கிடந்த நிலப்பகுதி. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் அமைந்தபோது எல்லைக்கோடு ஊருக்குக் கிழக்கே விழுந்தது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக வாழும் மக்களின் பிள்ளைகளுக்கு இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. கேரள அரசின் பாடநூல்களும் தமிழில் அச்சாகின்றன. சிறுபான்மை மொழியைப் பற்றிய ஆய்வுகள் வழக்கமாகப் பாடநூல், ஆசிரியர் நியமனம், அரசுப் படிவம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அப்பள்ளிகளின் கணினியறைக்குள் அவை நுழைவது அரிது. நுழைந்திருந்தால் வேறொரு மொழியெல்லை கண்ணில் பட்டிருக்கும்.

கேரளத்து அரசுப் பள்ளிக் கணினிகளில் இயங்குவது குனு/லினக்ஸ். அதன் திரைமேசையைத் தமிழில் அமைத்துக்கொள்ள முடியும்; தமிழ்த் தட்டச்சும் தமிழ் எழுத்துருக்களும் உண்டு. ஆனால் வரைகலை அட்டையின் இயக்கி ஏதோ ஒரு காரணத்தால் ஏறவில்லை என்றால், மாணவர் முன் எஞ்சுவது கறுப்புத் திரையும் வெள்ளெழுத்தில் சில ஆங்கில வரிகளும்தான். மொழிபெயர்ப்பாளர்கள் வேலையை முடிக்காமல் விட்டதால் நேர்ந்த குறை இது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழை வரையத் தெரியாது. அமைப்பு மொழியைத் தமிழாக்கி வைத்திருக்கும் கணினியில் நிலைமை இன்னும் மோசம்: மொழிபெயர்க்கப்பட்ட பிழைச்செய்திகள் அங்கே கட்டங்களாகவோ வினாக்குறிகளாகவோ சிதறுகின்றன. ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் யாராவது ஒருவர் படித்துச் சொல்லியிருப்பார்.

இதற்கான காரணம் 1980களின் வன்பொருளில் இருக்கிறது. 1987இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. அட்டையின் எழுத்துநிலையில் திரை 80 நிரல்களும் 25 வரிகளும் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியெண்; ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஏறத்தாழ எட்டுப் புள்ளி அகலமும் பதினாறு புள்ளி உயரமும் உள்ள ஒரு வடிவம். வடிவங்கள் 256, சற்று வளைத்தால் 512. லினக்ஸின் எழுத்துமுனையம் இந்த அமைப்பையே பின்பற்றியது.

தமிழ் எழுத்துகள் 247 என்று பள்ளியில் கற்றவருக்கு இங்கே ஓர் ஐயம் எழும்: 512 இடங்கள் இருக்க 247 எழுத்துகளுக்கு என்ன குறை? எண்ணிக்கையில் குறையில்லைதான். தடை இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது அகலம். ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் அடங்கா. இரண்டாவது வரிசை. ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு குறியெண்கள். திரையிலோ அது மூன்று வடிவங்கள். இரண்டாவதாக வரும் குறியின் ஒரு பகுதி முதலெழுத்துக்கு முன்னே போய் நிற்க வேண்டும். ஒரு குறியெண்ணுக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு அங்கே உடைகிறது. 2010இல் தமிழ்நாட்டரசு மாற்றுக் குறியீடாக ஏற்ற டேஸ் 16 உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தருகிறது. அது வரிசைச் சிக்கலைத் தீர்க்கும், அகலத்தைத் தீர்க்காது.

எனவே யுனிக்ஸ் வகைக் கணினியில் தமிழ் உயிர்பெறுவது வரைகலை நிலைக்கு வந்த பிறகுதான். அங்கே ஹார்ஃபஸ் போன்ற நிரல் குறியெண்களை முன்பின் மாற்றி வடிவங்களைத் தேர்கிறது. அவை புள்ளிகளாக மாறுகின்றன. அந்தப் புள்ளிகளைத் திரைக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு வரைகலை இயக்கியுடையது. தென்குமரி வழக்கில் இயக்கி என்பது காவல் தெய்வத்தின் பெயர். கலைச்சொல் ஆக்கியவர்கள் அதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் வாசலில் நின்று உள்ளே விடுவதா இல்லையா என்று முடிவெடுக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் வாய்த்தது பொருத்தமே.

இந்த வாசலை யார் திறந்தார்கள், எப்படித் திறந்தார்கள் என்பது தனி வரலாறு. எக்ஸ் சாளர முறைமை 1984இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பிறந்தது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வந்தது. விலையுயர்ந்த பணிநிலையங்களுக்கென எழுதப்பட்ட அதைச் சாதாரண இன்டெல் வகைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தது 1992இல் உருவான எக்ஸ்ஃப்ரீ86 குழு. அக்காலத்தில் பயனர் தம் திரையின் இயல்பைத் தாமே எண்களாக எழுதி ஓர் அமைவுக்கோப்பில் வைக்க வேண்டும். அந்த வரிக்கு மோட்லைன் என்று பெயர்.

அதன் உள்ளடக்கத்தைச் சற்று விரித்துப் பார்ப்பது தகும். 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட திரைக்கு வழக்கமான வரி 65 மெகாஹெர்ட்ஸ் என்று தொடங்கும். ஒரு நொடியில் ஆறரைக் கோடி புள்ளிகள் அனுப்பப்படும் என்பது பொருள். அடுத்து 1024, 1048, 1184, 1344 என்ற நான்கு எண்கள். கண்ணுக்குத் தெரியும் புள்ளிகள் 1024தான். எஞ்சிய 320 புள்ளிகளுக்கான நேரம், படக்குழாயின் மின்னணுக்கற்றை வலக்கோடியிலிருந்து இடக்கோடிக்குத் திரும்பி நிலைகொள்வதற்கு. பின்னர் 768, 771, 777, 806. இவை கற்றை கீழிருந்து மேலே திரும்புவதற்கு. 1344ஐ 806ஆல் பெருக்கி, ஆறரைக் கோடியை அதனால் வகுத்தால் 60 வருகிறது: திரை நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படும். ஆறரைக் கோடியை 1344ஆல் மட்டும் வகுத்தால் கிடைமட்ட அலைவெண் 48 கிலோஹெர்ட்ஸைச் சற்றுத் தாண்டும். திரையின் கையேட்டில் 38 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை என்றிருந்தால் இந்த வரியை எழுதக் கூடாது. தாங்க இயலாத அலைவெண் பழைய படக்குழாய்த் திரைகளைச் சேதப்படுத்தக்கூடும் என்று அன்றைய ஆவணங்கள் எச்சரித்தன. மென்பொருள் கோப்பில் ஓர் எண்ணைத் தவறாக எழுதி வன்பொருளைக் கெடுக்க முடிந்த காலம் அது.

இந்த அறிவுக்கு ஒரு சமூகவியல் உண்டு. கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. திரையை வாங்கும்போது வந்த சிறு தாளில் அலைவெண் எல்லைகள் இருந்தன. அந்தத் தாள் பெரும்பாலும் பெட்டியோடு குப்பைக்குப் போனது. இந்திய நகரங்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் நடத்திய நிறுவல் விழாக்களில், தெரிந்த ஒருவர் தெரியாத ஒருவரின் கணினி முன் அமர்ந்து இந்த எண்களைப் போட்டுக்கொடுத்தார். பொறியியல் கல்லூரிகளும் நிறுவனங்களும் இருந்த ஊர்களில் அத்தகைய ‘தெரிந்த ஒருவர்’ கிடைத்தார். எல்லைப்புறத்துச் சிற்றூர்களில் அவரை எதிர்பார்க்க முடியாது.

கேரளம் இந்தக் கட்டத்தில்தான் வரலாற்றுக்குள் வருகிறது. பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைப் புகுத்த 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை 20 அன்று இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. பள்ளித் திட்டம் தொடக்கத்தில் தனியுரிம மென்பொருளையே சார்ந்திருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2005இல் தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குரிய பாடமாயிற்று. தொடர்ந்த ஆண்டுகளில் பள்ளிகள் குனு/லினக்ஸுக்கு மாறின. 2007இன் மாநிலத் தகவல் தொழில்நுட்பக் கொள்கையும் கட்டற்ற மென்பொருளை வெளிப்படையாக ஆதரித்தது.

இந்த மாற்றத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உரிமக் கட்டணச் சேமிப்பையே பேசுகின்றன. இயக்கிகளின் கோணத்திலிருந்து பார்த்தால் அதனினும் பெரிய மாற்றம் ஒன்று தெரிகிறது. முன்பு ஒவ்வொரு பயனரும் தனித்தனியே தம் திரையோடு மல்லுக்கட்டினார். ஓர் அரசு ஆயிரக்கணக்கான கணினிகளைத் தனக்கென உருவாக்கிய ஒரே இயங்குதளத்தோடு பள்ளிகளுக்கு அளிக்கும்போது, எந்த வன்பொருள் அதில் ஓடும் என்ற கேள்வி பள்ளிக்கு வருமுன்பே கேட்கப்பட்டுவிடுகிறது. மோட்லைன் எழுதத் தெரிந்த நண்பரின் இடத்தைக் கொள்முதல் விவரக்குறிப்பும் ஆசிரியர் பயிற்சியும் எடுத்துக்கொண்டன. கொழிஞ்சாம்பாறை போன்ற ஊருக்கு இதுவே உண்மையான ஆதாயம். உரிமக் கட்டணம் இரண்டாம்பட்சம்.

2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0 பதிப்பை இந்த வரலாற்றின் மையத்தில் வைக்க வேண்டும். டெபியனின் நிறுவல் நிரல் அதுவரை எழுத்துநிலையில் மட்டுமே இயங்கியது. பயனர் மொழியைத் தேர்ந்து அம்மொழியிலேயே நிறுவலாம் என்பது அதன் பெருமை. அப்பெருமையின் பட்டியலில் தமிழுக்கு இடமிருக்கவில்லை. 4.0 பதிப்பில் முதன்முதலாக வரைகலை நிறுவல் நிரல் சேர்ந்தது. எழுத்துநிலையில் காட்ட இயலாமல் வரைகலை நிலையில் மட்டுமே கிடைக்கும் மொழிகள் என அந்தப் பதிப்பு ஒரு சிறு குழுவை வகுத்தது: வங்காளம், குஜராத்தி, இந்தி, நேபாளி, பஞ்சாபி, தமிழ், மலையாளம், கெமெர், தாய் முதலியன. உலக மொழிகள் அங்கே இரண்டு வகையாகப் பிரிந்தன: இயக்கி இல்லாமலும் வாழும் மொழிகள், இயக்கி இருந்தால் மட்டுமே வாழும் மொழிகள். சித்தூர் வட்டத்தில் பெரும்பான்மை மொழியும் சிறுபான்மை மொழியும் சட்டத்தின் முன் வெவ்வேறு நிலையில் இருக்கலாம். கறுப்புத் திரையின் முன் மலையாளத்துக்கும் தமிழுக்கும் ஒரே நிலை, இரண்டும் இல்லை.

இதே ஆண்டுகளில் அடித்தளமும் மாறிக்கொண்டிருந்தது. எக்ஸ்ஃப்ரீ86 குழு 2004இல் தன் உரிமத்தை மாற்றியதால் பெரும்பாலான வெளியீடுகள் அதைக் கைவிட்டு எக்ஸ்.ஆர்க் பக்கம் சென்றன. திரையே தன் இயல்பை 128 பைட் அளவுள்ள ஒரு சிறு தரவாக அட்டைக்குச் சொல்லும் ஈ.டி.ஐ.டி. முறை 1994 முதலே இருந்தது. அது பரவலானபின் மோட்லைன் எழுதும் வேலை குறைந்தது. இன்டெலின் உள்ளிணைந்த வரைகலைச் சில்லுகளுக்கு ஓர் இடைக்காலத் தொல்லை இருந்தது: அவற்றின் பழைய இயக்கி திரைநிலையைப் பயாஸிடம் கேட்டே அமைத்ததால், பயாஸ் அறியாத அகலத்திரை அளவுகள் கிடைக்கவில்லை. ‘915 ரெசொல்யூஷன்’ என்ற சிறு நிரல் நினைவகத்தில் இருந்த பயாஸ் அட்டவணையையே திருத்தி அத்தொல்லையைக் கடந்தது. அழகற்ற வழி, ஆயினும் வேலை நடந்தது. 2009 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 2.6.29இல் திரைநிலை அமைக்கும் பொறுப்பே கெர்னலுக்குள் சென்றது. முதலில் பயன்பெற்றவை இன்டெல் சில்லுகள். அதன்பின் எக்ஸ்ஆர்க்.கான்ஃப் என்ற கோப்பையே பார்த்திராத ஒரு தலைமுறை வந்தது.

பார்க்காமலிருப்பது வசதி. ஆனால் அந்தக் கோப்போடு சேர்ந்து ஒரு பொது அறிவும் மறைந்தது. முன்பு பழுதுக்குக் காரணம் பயனர் படிக்கக்கூடிய ஒரு வரியில் இருந்தது. இப்போது அது கெர்னலுக்கும் நிலைப்பொருளுக்கும் இடையே எங்கோ இருக்கிறது.

நிறுவனங்களின் மறைப்பும் இங்கே சேர்கிறது. ஏ.எம்.டி. 2007 செப்டம்பரில் தன் வரைகலைச் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா நெடுங்காலம் மூல நிரலற்ற இயக்கியை மட்டுமே தந்தது. வெளியிலிருந்து ஊகித்தறிந்து எழுதப்பட்ட நூவோ இயக்கி 2010 தொடக்கத்தில் கெர்னலில் சேர்ந்தது. ஆனால் 2014க்குப் பிந்தைய என்விடியா அட்டைகள் கையொப்பமிட்ட நிலைப்பொருளைக் கேட்டதால் அவற்றின் வேகத்தை நூவோவால் உயர்த்த இயலவில்லை. அட்டை எரியும், அரைவேகத்துக்கும் கீழே ஓடும். 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக அரங்கில் லினஸ் டார்வால்ட்ஸ், தாம் எதிர்கொண்ட நிறுவனங்களில் மிக மோசமானது என்விடியாவே என்று பலரறியச் சொன்னார். அந்நிறுவனம் தன் கெர்னல் கூறுகளின் மூல நிரலைத் திறந்தது 2022 மே மாதத்தில். பள்ளிக் கணினிகளைப் பொறுத்தவரை இச்சண்டை தொலைவில் நடந்ததே. தனி வரைகலை அட்டை அவற்றுக்குத் தேவையில்லை. கல்லூரிக்குச் சென்று விளையாட்டுக்கோ எந்திரக் கற்றலுக்கோ உகந்த மடிக்கணினி வாங்கும்போதுதான் பள்ளியில் பார்த்திராத கறுப்புத் திரையை மாணவர் சந்திக்கிறார்.

எல்லைக்கு அப்பால் நடந்ததும் ஒப்பிடத் தக்கது. தமிழ்நாட்டரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வந்தது. சி-டாக் உருவாக்கிய பாஸ், இந்திய மொழிகளுக்கெனவே எண்ணப்பட்ட இயங்குதளம். ஆயினும் இரண்டு தளங்கள் ஒரே கணினியில் இருந்து, பாடமோ தேர்வோ இரண்டாவதைக் கேட்காதபோது, அது திறக்கப்படாத அறையாகவே இருந்துவிடும். கேரளத்தில் தேர்வே அந்தத் தளத்தில் நடந்தது. தமிழுக்கெனத் தனி அரசு உள்ள மாநிலத்து மாணவரைவிட, தமிழ் சிறுபான்மையாக உள்ள மாநிலத்துத் தமிழ்வழி மாணவருக்கு லினக்ஸ் கூடுதலாகப் பழகியிருக்கும் வாய்ப்பு இவ்வாறு உண்டாயிற்று. தமிழ்க்கணிமை வரலாறு எழுதுவோர் பொள்ளாச்சிச் சாலையின் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

2017இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று; பள்ளிகளுக்கான அதன் இயங்குதளம் இன்று உபுண்டுவை அடியொற்றியது. 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் பள்ளியின் கருவிகளைப் பேணுவதிலும் மாணவரை ஈடுபடுத்துகின்றன. பழுதுபார்க்கும் அறிவு இவ்வாறு மறுபடி மாணவர் கைக்கு வருமானால், அது எந்த மொழியில் வரும் என்ற கேள்வி எழுகிறது.

ஏனெனில் இன்றும் கறுப்புத் திரையிலிருந்து வெளியேறும் வழி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. கணினி எழும்போது கிரப் பட்டியலை வரவழைத்து, ‘இ’ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ‘நோமோட்செட்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, எஃப்10 விசையால் தொடர வேண்டும். அச்சொல் கெர்னலைத் திரைநிலை அமைப்பதிலிருந்து விலக்கி, நிலைப்பொருள் ஏற்கெனவே தந்த எளிய திரைநிலையையே பயன்படுத்தச் செய்கிறது. தெளிவு குறைந்த, சற்றே இழுபட்ட திரை வரும், வேகம் இராது. ஆனால் திரைமேசை எழும், அதோடு தமிழும் எழும்; அதன்பின் சரியான இயக்கியைத் தமிழ்ப் பட்டிகளின் வழியே தேடி நிறுவலாம். செக்யூர் பூட் உள்ள மடிக்கணினியில் தனியுரிம இயக்கியை நிறுவினால், அடுத்தமுறை கணினி எழும்போது கையொப்பச் சாவியைப் பதியுமாறு கேட்கும் நீலத்திரை ஒன்று சில நொடிகள் தோன்றும். அதுவும் ஆங்கிலம். புரியாமல் கடந்துவிட்டால் இயக்கி ஏறாது, காரணமும் தெரியாது.

கறுப்புத் திரையைச் சீர்படுத்தும் முயற்சிகள் நடக்காமலில்லை. கெர்னலின் எழுத்துமுனையத்துக்கு மாற்றாக, சிக்கலான எழுத்துகளையும் வரையும் நோக்குடன் கே.எம்.எஸ்.கான் 2012இல் வந்தது, பரவலாகவில்லை. 2024இல் வந்த லினக்ஸ் 6.10 முதல், கெர்னல் முற்றாக நிலைகுலையும்போது செய்தியை வரைகலைத் திரையிலேயே காட்டும் வசதி சேர்ந்தது. அடுத்தடுத்த பதிப்புகளில் அச்செய்தியைக் கியூ.ஆர். குறியாகவும் காட்ட முடிகிறது. மொழியியல் நோக்கில் இந்தக் குறி ஆர்வமூட்டுவது. அதைக் கைப்பேசியில் படம்பிடித்தால் பிழை விவரம் வேறொரு கருவிக்கு மாறுகிறது. அங்கே அதைத் தமிழில் விளக்குவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. விளக்கத்தை எழுத ஆள்தான் வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது எளியது. கேரளத் தமிழ்வழிப் பாடநூல்களை அச்சிடும் அதே அச்சகங்களில் ஒரு பக்கம் கூடுதலாக அச்சிடலாம்: கிரப் பட்டியலை வரவழைக்கும் விசை, ‘நோமோட்செட்’ சேர்க்க வேண்டிய இடம், நீலத்திரையில் தேர வேண்டிய வரி. ஆங்கிலச் சொற்களை அவை திரையில் தோன்றும் வடிவிலேயே தந்து, அவற்றின் பொருளைத் தமிழில் சொல்லி, கணினியறைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். எதிர்ச்சுவரில் மலையாளத்திலும் ஒன்று.